நகல் பிரிவுக்கு எதிர்க்கடையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் முதன்மை மாவட்ட நீதிபதிகளுக்கும், தலைமைக் குற்றவியல் நடுவர்களுக்கும், அவர்களுக்குக் கீழே பதிவறையையும் நகல் பிரிவையும் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தாவும் இல்லை. ஒரு மாவட்டத் தலைநகரில் கோர்ட் வளாகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் என் பிழைப்புக்கு ஆபத்து என்பது ஒரு காரணம். நான் எழுதப் போவது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை என்பது இன்னொரு காரணம். பக்கத்து மாவட்டங்களில் என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் எல்லோரிடமும் இதே கதைதான், காவல் நிலையத்தின் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

போன வாரம் ஒரு அம்மா வந்தார். கையில் மருந்துச் சீட்டு ஒன்று, அதன் பின்பக்கத்தில் ஒரு காவல் நிலையத்தின் பெயர், கீழே 2011, அதற்கும் கீழே 'அடிதடி'. அவ்வளவுதான். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட் விசாரணையில் பழைய வழக்கு ஒன்று இருப்பதாக எழுதிவிட்டார்கள், அந்த வழக்கோ எப்போதோ விடுதலையில் முடிந்துவிட்டது, அதற்கான பேப்பரைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தீர்ப்பு நகல் கொடுக்கும் கோர்ட் நகல் பிரிவில் போய்க் கேட்டிருக்கிறார். "நம்பர் என்ன?" "தெரியாதுங்க." "நம்பர் இல்லாம எப்படிம்மா தேடறது, உங்க வக்கீல்கிட்ட வாங்கிட்டு வாங்க." அந்த வக்கீல் காலமாகி ஆறு வருடம் ஆகிறது, அவருடைய குமாஸ்தா திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, யாரோ ஒரு டீக்கடைக்காரர் கையைக் காட்ட, என் கடைக்கு வந்திருக்கிறார்.

நகல் பிரிவில் இருப்பவர்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்களில் பாதிப் பேர் என் கடையில்தான் டீ குடிக்கிறார்கள். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்துகொண்டிருக்கிறார், அதை நான் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்த ஜன்னலில் கேட்கப்படும் முதல் கேள்விக்குப் பதில் ஜன்னலுக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அதை வெளியே நிற்பவரிடம் கேட்கிறார்கள். என் வருத்தம் அதுதான்.

ஒரு வழக்குக்கு எத்தனை எண் என்பது உங்களுக்குப் பழகிப் போயிருக்கும். வெளியாளுக்கு அது காடு. போலீஸ் பதிவு செய்யும்போது குற்ற எண். அது வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்குகிறது, நிலையத்துக்கு நிலையம் தனி. குற்றப்பத்திரிகை நடுவர் கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்டதும் சி.சி. (காலண்டர் கேஸ்) எண். சிறு வழக்கு என்றால் எஸ்.டி.சி. கொலை, கொலை முயற்சி என்று அமர்வு நீதிமன்றம் விசாரிக்க வேண்டியதாக இருந்தால் முதலில் பி.ஆர்.சி., அங்கிருந்து ஒப்படைத்ததும் எஸ்.சி., அதாவது செஷன்ஸ் கேஸ். (ஒருமுறை ஒரு பெரியவரிடம் "எஸ்.சி. நம்பர் இருக்கா தாத்தா" என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். "கேஸ் பேப்பர் கேட்டா சாதியக் கேக்கறான்" என்று அவர் கோபமாக வெளியே வந்துவிட்டார். நான்தான் சமாதானம் சொல்லித் திரும்ப அனுப்பினேன்.) நடுவில் ஜாமீனுக்கும், பிடிபட்ட வண்டியைத் திரும்ப வாங்குவதற்கும் போட்ட மனுக்களுக்குத் தனித்தனி எண். மேல்முறையீடு போனால் அது வேறு. ஆக, சம்பவம் ஒன்று, ஆள் ஒருவர், அவருக்கு நினைவிருப்பதோ இந்த எண்களில் ஏதாவது ஒன்று, பெரும்பாலும் உங்களுக்கு வேண்டாத ஒன்று.

இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. கோர்ட்டும் இடம் மாறுகிறது. தாலுகாவில் புதிதாக ஒரு நடுவர் நீதிமன்றம் திறந்தால் அந்த எல்லைக்குள் வரும் வழக்குக் கட்டுகள் எல்லாம் வண்டியேறி அங்கே போகும். போனதும் புது சி.சி. எண் விழும். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று மாவட்டங்கள் பிரிந்தன, 2020-இல் மயிலாடுதுறை. மாவட்டம் பிரிந்தால் கொஞ்ச காலத்தில் கோர்ட்டும் பிரியும், அது நல்லதுதான், சனங்களுக்கு அலைச்சல் குறையும். ஆனால் பிரிவதற்கு முன்பே முடிந்துபோன வழக்கின் கட்டு எங்கே இருக்கிறது, பழைய பதிவறையிலா புதியதிலா என்பதை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை. ஒரு மனிதர் இரண்டு ஊருக்கும் மாறி மாறி பஸ் ஏறுவார், இரண்டு இடத்திலும் "இங்க இல்ல, அங்க கேளுங்க" என்பார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

இணையதளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நான் அதை வைத்துத்தான் பாதிப் பேருக்கு உதவி செய்கிறேன், அதற்காக உண்மையிலேயே நன்றி. கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-இல் ஆரம்பித்து இப்போது மூன்றாவது கட்டத்தில் ஓடுகிறது, 2023-இல் மத்திய அமைச்சரவை இந்தக் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தத் தளம் ஒவ்வொரு வழக்குக்கும் கொடுக்கும், பதினாறு எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் போதும், பழைய வாய்தா, அடுத்த வாய்தா, தீர்ப்பு எல்லாம் போனிலேயே தெரியும். வழக்கு எந்த கோர்ட்டுக்கு மாறினாலும் தேடலாம். ஆனால் 2011-இல் அடிதடி வழக்கில் சிக்கிய பையனின் அம்மாவிடம் சி.என்.ஆர். எண் எப்படி இருக்கும்?

அதனால் பெயர் போட்டுத் தேட வேண்டும். அங்கேதான் தலை சுற்றிப் போகும். பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், முடிந்த வழக்குதான் என்று குறிக்க வேண்டும், வருடம் சரியாக இருக்க வேண்டும், அந்த வருடமோ சம்பவம் நடந்த வருடம் இல்லை, வழக்கு கோர்ட்டில் பதிவான வருடம். பழனி என்றால் ழ-வுக்கு இசட்-எச் போட்டிருப்பாரா, வெறும் எல் போட்டிருப்பாரா? முத்துவில் டி-க்கு அப்புறம் எச் உண்டா? சண்முகம் எஸ்-எச்சில் தொடங்குமா, எஸ்-ஏவிலா? இனிஷியல் முன்னாலா பின்னாலா, நடுவில் புள்ளியா இடைவெளியா? அன்றைக்கு டேட்டா என்ட்ரி செய்தவர் எப்படி நினைத்தாரோ அப்படித்தான் அந்த மனிதர் இன்றைக்குக் கிடைப்பார். ஒரு பெயருக்கு ஒன்பது விதமாக அடித்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்தக் கோணல் எழுத்துக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அப்புறம், ஒரே பஞ்சாயத்தில் அதே பெயரில் நான்கு பேர். அப்பா பெயர் சில பதிவுகளில் இருக்கிறது, சிலவற்றில் வெறும் 'மற்றும் சிலர்'.

குற்ற எண் தெரிந்தால் கதை வேறு. காவல் நிலையம், குற்ற எண், வருடம், மூன்றையும் போட்டால் வழக்கு எந்த கோர்ட்டில் என்ன எண்ணில் இருக்கிறது என்று வந்துவிடும், பதிவேற்றியிருந்தால். கடைக்கு வருபவர்களிடம் முதலில் நான் சொல்வது இதுதான்: வக்கீலையும் தேடாதீர்கள், நகல் பிரிவுக்கும் போகாதீர்கள், முதலில் குற்ற எண்ணைப் பிடியுங்கள். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அந்தத் தாள் எந்தப் பீரோவிலாவது கிடக்கும். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இணைய வசதி இல்லாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம், பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றை மட்டும் ஏற்றக் கூடாது என்று சொன்னதிலிருந்து தமிழ்நாடு போலீஸ் தளத்திலும் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தைய வழக்குகள்தான் கஷ்டம். அந்த அம்மாவின் 2011 அந்தப் பக்கம் விழுகிறது.

உங்கள் சி.சி. பதிவேட்டில் காவல் நிலையமும் குற்ற எண்ணும் எதிரிகளின் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. (தீர்ப்பில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுவது இன்னும் எனக்கு உறுத்தும், விடுதலை செய்யும் வரியிலும் அவர் எதிரிதான், அது கிடக்கட்டும்.) காவல் நிலையமும் வருடமும் பெயரும் சொன்னால் அந்தப் பதிவேட்டைப் புரட்டி எண்ணைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? ஒரு வருடப் பதிவேடு என்றால் தெரிந்த ஆளுக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் சிலர் வெளியே காசுக்கு விற்கிறார்கள். யார் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்த ஜெராக்ஸ்காரனுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று தோன்றும்.

என் அக்கா மகன். கோயில் திருவிழாவில் ஒரு தகராறு, வழக்கில் பதினோரு பேர், இவன் எட்டாவது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருடம் வாய்தாவுக்கு நடந்தான், ஒருநாள் வக்கீல் "எல்லாரையும் விட்டாச்சு, போங்க" என்றார், வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், அதோடு மறந்துவிட்டோம். தீர்ப்பு நகல் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எதிரே கடை வைத்திருக்கும் எனக்கே தோன்றவில்லை. அப்புறம் அவன் காவலர் தேர்வு எழுதினான். எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தேறினான். விண்ணப்பத்தில் 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தான். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, முடிந்துபோன வழக்கு 'இல்லை'தானே என்று நினைத்து எழுதினான். விசாரணையில் வெளியே வந்தது.

தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும் என்றார்கள். காவலர் பணி விதியில் ஒரு விளக்கம் இருக்கிறது, போலீஸ் வேலைக்குப் போகும் பையன் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது: சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார்தாரர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானாலும், அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அதாவது விடுதலை என்பது ஒரே சொல் இல்லை, அதற்குள் ரகம் இருக்கிறது, எந்த ரகம் என்பது தீர்ப்பின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தியைத் தேடி நானும் அவனும் அலைந்தோம். சி.சி. எண் எங்களிடம் இருந்தது, எதிரே கடை வைத்ததற்கு அந்த மட்டும் பலன். போய்க் கேட்டால் அந்த எண்ணில் வேறு யாருடைய செக் வழக்கோ இருக்கிறது. நடுவில் புது கோர்ட்டுக்கு மாறி எண்ணும் மாறியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பழைய கோர்ட், புது கோர்ட், மாவட்டப் பதிவறை என்று ஏழு வாரம். கையில் வந்தபோது கடைசிப் பத்தியில் "சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து" என்று இருந்தது. விளக்கம் கொடுக்கச் சொன்ன கெடு அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் கெடு முடியாமல் இருந்திருந்தாலும் வேலை கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, அதை உங்கள் மேல் போட மாட்டேன். தீர்ப்பு சொன்ன அன்றைக்கே அந்தத் தாள் அவன் கையில் இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்க மாட்டான். அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகக் கையில் கொடுக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டத்தின் 404. மேல்முறையீடு செய்ய அது வேண்டும் என்பதால், சரியான ஏற்பாடுதான். விடுதலையானவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் போகிறார்? ஆகவே அவர் மனுப் போட்டு, காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம். அவர் வாங்க மாட்டார். சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். பத்து வருடம் கழித்து அவருடைய அம்மா மருந்துச் சீட்டோடு என் கடையில் நிற்பார். சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, விடுதலை சொல்லும் அன்றைக்கு பெஞ்ச் கிளார்க் "நகலுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விண்ணப்பத் தாளை நானே அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிறேன்.

அதே 404-இல், தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் கட்டணம் செலுத்தி தீர்ப்பை மட்டுமல்ல, சாட்சியத்தையும், பதிவின் வேறு பகுதியையும் நகலாகக் கேட்கலாம் என்று இருக்கிறது. பாதிக்கப்படும் என்றால் எதிரி மட்டும் இல்லையே. விபத்தில் வீட்டுக்காரரை இழந்த பெண், லாரி டிரைவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய தீர்ப்பு நகலைக் கேட்கிறார், இழப்பீட்டு வழக்குக்கு அது வேண்டும். அவரிடம் "நீங்க இந்த கேஸ்ல பார்ட்டி இல்லையே" என்று சொல்லி அனுப்பிய ஒரு ஜன்னலை எனக்குத் தெரியும். பார்ட்டி இல்லைதான், அரசு எதிர் டிரைவர். செத்தது யார்?

சம்பந்தமே இல்லாத மூன்றாம் நபர் கேட்டால் கூடுதல் கண்டிப்பு இருப்பது புரிகிறது. ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லி, பிரமாண வாக்குமூலத்தோடு மனு, அதன் மேல் நீதிபதியின் உத்தரவு. இருக்கட்டும். ஆனால் இதைச் சொல்வதற்குப் பதிலாக "தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடுங்க" என்று அனுப்பி வைக்கிறீர்களே, அது நியாயமா? அப்படி முப்பது நாள் காத்திருந்தவர்களுக்கு அதே வளாகத்திலிருந்து பதில் வருகிறது, கோர்ட் ஆவணத்தை நீதிமன்ற விதிப்படி நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று. அந்தப் பதிலில் தப்பில்லை, உச்ச நீதிமன்றமே குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச்சில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அப்படியானால் முதல் நாளே ஜன்னலில் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

மனு போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. கோர்ட் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுத்தால் ஒரு எண் கிடைக்கும். கட்டு வந்து பக்கத்தை எண்ணியதும், இந்த மனுவுக்கு இவ்வளவு கட்டணம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். வீட்டுக்குக் கடிதம் வராது, போன் வராது. அந்தத் தாளைப் பார்த்துக் கெடுவுக்குள் கட்டவில்லை என்றால் மனு தள்ளுபடி, திரும்ப முதலிலிருந்து. வக்கீல் குமாஸ்தாக்கள் தினமும் பலகை பார்ப்பார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆடு மேய்ப்பவர் எப்படிப் பார்ப்பார்? எட்டு வருடமாக நான் மாலையில் அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்து, என் வாடிக்கையாளர் பெயர் இருந்தால் கூப்பிட்டுச் சொல்கிறேன். அந்த நாட்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நகலின் கடைசிப் பக்கத்து முத்திரையே சாட்சி. மனு செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாகக் குத்துகிறீர்கள், மேல்முறையீட்டுக் கெடுவில் நகலுக்காகக் காத்திருந்த காலத்தைக் கழிக்க வேண்டும் என்று காலவரையறைச் சட்டமே சொல்வதால். மனுவில் ஒரு செல்போன் எண் வாங்கிக்கொண்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் என்ன? வாய்தாவுக்கு அனுப்புகிறீர்கள், நகலுக்கு முடியாதா?

பழைய கட்டுகள் அழிக்கப்படும் என்பதும் தெரியும். 1917-இல் வந்த ஆவண அழிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் விதி செய்து, இந்த வகைக்கு இத்தனை வருடம் என்று வைத்து, கெடு முடிந்தால் அழிப்பது எல்லாம் முறையான வேலைதான், இடம் வேண்டுமே. ஆனால் "அழிச்சிருப்பாங்க" என்று வாயால் சொல்வதை எந்த பாஸ்போர்ட் அலுவலகமும் ஏற்காது. அழித்திருந்தால் அழித்ததாகவும், பதிவேட்டில் முடிவு என்ன என்று இருக்கிறதோ அதையும் எழுதிக் கொடுங்கள். கட்டு போனாலும் பதிவேட்டில் வரி இருந்தால் அந்த ஒரு வரி போதும், பல பேருக்கு வாழ்க்கை நகரும். மறுப்பதாக இருந்தாலும் எழுத்தில் மறுத்தால் அடுத்த படிக்குப் போகலாம். வாய்மொழி மறுப்பை எங்கே கொண்டு போவது?

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டுங்கள் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். குற்றப்பத்திரிகைகளை அப்படி ஏற்ற முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எனக்கு உடன்பாடுதான். கடையில் உட்கார்ந்து நான் பார்ப்பதைச் சொல்கிறேன்: ஜாதகம் பார்த்த கையோடு மாப்பிள்ளை பெயரை கோர்ட் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் இப்போதெல்லாம். பெயர் வந்தால் போதும், அது முடிந்த வழக்கா, விடுதலையா, அதே பெயருள்ள வேறு ஆளா என்று யாரும் அடுத்த பக்கத்தைத் திறப்பதில்லை. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சாதகமாக உத்தரவிட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கு எப்படிப் போனாலும், பெயரைப் போட்டவுடன் 'வழக்கு' என்று காட்டுகிற அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் 'விடுதலை' என்றும் காட்டலாம். இப்போது அதை மூன்று சொடுக்கு உள்ளே வைத்திருக்கிறீர்கள். சில வழக்குகளில் 'தீர்வு செய்யப்பட்டது' என்பதோடு நின்றுவிடுகிறது, தண்டனையா விடுதலையா என்பதே இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நகல் பிரிவு வாசலில் தமிழில் ஒரு பலகை, கோர்ட்டுத் தமிழில் இல்லாமல் பேசுகிற தமிழில்: எண் தெரியாவிட்டால் காவல் நிலையமும் வருடமும் பெயரும் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்று. மாறிப்போன வழக்குகளுக்குப் பழைய எண், புது எண் இரண்டும் இருக்கிற ஒரு நோட்டு, ஜன்னலிலேயே. வளாகத்துக்குள் இ-சேவை கேந்திரா என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள், அதில் நகலுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கவும் உதவ வேண்டும் என்பது அதன் வேலைப் பட்டியலிலேயே இருக்கிறது. மக்களோ அது சாதிச் சான்றிதழ் கொடுக்கும் அரசு இ-சேவை மையம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். வெளியே ஒரு வரி எழுதி வையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நகல் வாங்கித் தருவதும் அதில் அடங்கும் என்பதையும் அதே பலகையில் போடலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு அதே வளாகத்தில், இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது, லிஃப்ட் ஓடுகிற நாட்களில் போகலாம்.

இதெல்லாம் நடந்தால் என் கடைக்குக் கூட்டம் குறையும். குறையட்டும், எனக்கு ஆதார் லேமினேஷனே போதும்.

அந்த அம்மாவின் விஷயம்: காவல் நிலையத்தில் ஒரு ஏட்டையா, புண்ணியவான், பழைய பதிவேட்டை எடுத்துக் குற்ற எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். தளத்தில் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. வருகிற வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அந்தத் துண்டுச்சீட்டோடு உங்கள் ஜன்னலுக்கு வருவார், மஞ்சள் பை வைத்திருப்பார், காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். தயவுசெய்து 2011, 2012, 2013 மூன்று வருட சி.சி. பதிவேடுகளையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரன்